பிடிக்க ஒரு ஆள்

ரப்பரில் ஓடும் விமானத்தைப் பறக்கவிட ஒரு ஆள் போதாது. கடையில் விற்கிற பொம்மையைப் பார்த்தவர்கள், முன்னால் இருக்கும் விசிறியை விரலால் நாலு சுற்றுச் சுற்றிவிட்டால் பறக்காதா என்று கேட்பார்கள். பறக்கும், பூனை தாண்டும் தூரத்துக்கு. ஒழுங்காகப் பறக்க வேண்டுமென்றால் மூக்கைக் கழற்றி, வயிற்றுக்குள் கிடக்கும் ரப்பர் கொத்தை வெளியே இழுக்க வேண்டும். ஆள் உயரத்துக்கு மேலே இழுத்து, கை டிரில்லின் கொக்கியில் மாட்டிச் சுற்ற வேண்டும். சுற்றச் சுற்ற முறுக்கேறும். முறுக்கேற ஏற அடிமேல் அடிவைத்து முன்னால் வர வேண்டும். ஒருவர் இதைச் செய்ய, இன்னொருவர் எதிரே நின்று விமானத்தின் வால் பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அசையக் கூடாது. தும்மல் வந்தாலும் விழுங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

சுற்றுகிறவர் சகாயநாதன். பிடிக்கிறவர் கலியமூர்த்தி.

கலியமூர்த்தி பெரிய மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். வயசானாலும் கையில் பிடி இருந்தது. மனசில் யார்மேலும் பிடி இல்லை. பால்காரன் அளவை நம்பமாட்டார். காலண்டரை நம்பமாட்டார், அமாவாசை என்றால் வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்வார். விழுப்புரத்தில் கட்டிக்கொடுத்த மகள் பாக்கியலட்சுமி, "அடுத்த மாசம் வரேம்ப்பா" என்று போனில் சொன்னால், "வந்தப்பறம் சொல்லு" என்று வைத்துவிடுவார். அவளும் இப்போதெல்லாம் சொல்வதில்லை. மனைவி செல்வாம்பாள் இருந்தவரை சண்டை போடவாவது வீட்டில் ஒரு ஆள் இருந்தது. அவள் போன பிறகு நெல்லித்தோப்பு வீட்டில் அவர் வாயைத் திறப்பது வெற்றிலை போடவும் துப்பவும்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் பேசுவார். ரப்பர் முறுக்கேறி முடிகிற வரைக்கும் இரண்டு பேரும் எங்கேயும் போக முடியாது. அவர் கையில் ஒரு முனை, சகாயநாதன் கையில் ஒரு முனை. எதிரெதிரே நின்றுகொண்டு எவ்வளவு நேரம்தான் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் சும்மா பார்த்துக்கொண்டிருப்பது? பேசித்தான் ஆக வேண்டும். மார்க்கெட்டில் மீன் விலை, வீட்டு வரி, எவன் எவனை ஏமாற்றினான், எல்லாம் அங்கேதான். சகாயநாதன் கிட்டே வர வர குரலும் தணியும். விமானத்தின் மூக்கருகில் அவர் வந்து சேரும்போது பேச்சு முடிந்திருக்கும்.

இந்தப் பழக்கம் தொடங்கியதே ஒரு கூத்து.

வீராம்பட்டினம் போகிற வழியில் கடலுக்கு மேற்கே ஒரு தரிசு கிடக்கிறது. உவர் நிலம். ஒன்றும் விளையாது, மாடுகூட நின்று மேயாது. அங்கே ஒரு நாள் காலையில் கலியமூர்த்தி வேறு வேலையாகப் போனவர், ஒரு கிழவர் பனைமரத்தில் எதையோ கட்டிவைத்துக்கொண்டு திண்டாடுவதைப் பார்த்தார். அதே நெல்லித்தோப்புக்காரர்தான், பக்கத்துத் தெரு. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் லேப் அட்டெண்டராக இருந்து ரிட்டயர்டு ஆனவர் என்பதும், பெண்சாதி செத்துப்போய் ஆறேழு மாசம் ஆகிறது என்பதும் தெரியும். பேசியது கிடையாது.

"அண்ணே, கொஞ்சம் வந்து பிடிக்கிறீங்களா?"

"எதுக்கு?"

"இதைச் சுத்தணும். எங்க வீட்டுல ஸ்டெல்லாமேரி இருந்தவரைக்கும் அவதான் பிடிப்பா. மரத்துல கட்டினா கிழியுது."

"எம்மேல கேஸு கீஸு வருமா?"

"விமானத்தைப் பிடிக்கிறதுக்கு இன்னா கேஸு வரும்?"

"வரும். விமானம்னாலே கேஸுதான்."

ஆனாலும் பிடித்தார். வாலருகே உடம்பில் ஒரு சின்ன ஓட்டை. அதில் ஒரு அலுமினியக் குழாய். ரப்பரின் பின்முனை அந்தக் குழாயில்தான் மாட்டியிருக்கும். குழாய்க்குள் ஒரு சைக்கிள் போக்ஸ் கம்பித் துண்டைச் செருகி, அதன் இரண்டு முனையையும் இரண்டு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். சகாயநாதன் ரப்பரை இழுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். போய் நின்று கத்தினார்:

"தியேம்போ!"

கலியமூர்த்தி விட்டுவிட்டார்.

பறக்க வேண்டிய விமானம் பறக்காமலே பாய்ந்து சகாயநாதனின் மோவாயில் இடித்தது. ரத்தம். ஒரு இறக்கை தனியே கிடந்தது. கலியமூர்த்திக்குக் கேஸு நினைப்புத்தான் முதலில் வந்தது.

"நீதானேய்யா போன்னு சொன்னே?"

"போன்னு எங்கய்யா சொன்னேன்? தியேம்போன்னு சொன்னேன். பிரெஞ்சு. தியேன்னா பிடி. போன்னா நல்லா. நல்லா பிடின்னு அர்த்தம்."

"நல்லாங்கறதுக்கா போன்னு சொல்லுவான் வெள்ளைக்காரன்?"

"அவன் சொல்றான், நான் இன்னா பண்றது? அவளுக்குப் புரியும். கன்னியாஸ்திரி மடத்துல படிச்சவ. வாய்ப் பழக்கத்துல வந்துடுச்சு."

மோவாயில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு சகாயநாதன் சிரித்தார். அன்றோடு முடிந்தது, இனிமேல் இந்த ஆள் தெருமாறிப் போவான் என்றுதான் கலியமூர்த்தி நினைத்தார். ஆனால் அடுத்த சனிக்கிழமை சாயங்காலப் பூசை முடிந்து வரும் வழியில் சகாயநாதன் அவர் வீட்டு வாசலில் நின்றார். மோவாயில் பிளாஸ்திரி. "ஒட்டிட்டேன். நாளைக்கு வர்றியா?" என்றார். தரிசுக்குப் போனதும் அதே கம்பியை அதே கையில் கொடுத்தார். ரப்பரை இழுத்துக்கொண்டு பின்னால் போய் அதே மோவாயைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அந்த மாதிரி யாரும் கலியமூர்த்தியிடம் நின்றது கிடையாது. மூட்டை தூக்கின காலத்தில் முதலாளிகள் அவர் இறங்கும்போது மடியைத் தடவிப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். அன்றைக்கு அவர் கம்பியைப் பிடித்த பிடியில் விரல் வெளுத்துப்போயிற்று. அதிலிருந்து ஒரு தரமும் விட்டதில்லை. ரப்பருக்குத் தடவுகிற விளக்கெண்ணெய் வாசம் கையில் திங்கட்கிழமை வரைக்கும் இருக்கும். சகாயநாதனை, பிரெஞ்சில் ஐயா என்கிறமாதிரி, "முசே" என்று கூப்பிட ஆரம்பித்தார், முதலில் கிண்டலுக்கு.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு சனிக்கிழமை சகாயநாதன், "நாளைக்கு வேணாம் கலியமூர்த்தி, முட்டி வலிக்குது" என்றார்.

சரி என்றார். அடுத்த வாரமும் முட்டி. அதற்கடுத்த வாரமும் முட்டி. ஆனால் கோயிலுக்குப் போகிற வழியில் அந்த முட்டி ஒழுங்காகத்தான் நடந்தது. கலியமூர்த்தி தெருமுனையில் நின்று பார்த்தார். பூசைக்குப் போகிற முட்டி தரிசுக்கு வராதா? கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது ஒரு பொய் சொல்லுவார்கள். சொன்ன பொய்யை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வது?

மூன்று ஞாயிறு வீட்டில் உட்கார்ந்திருந்ததில் வேறொரு சந்தேகமும் வந்தது. ஒருவேளை கூப்பிட்டிருப்பாரோ, போன் கெட்டுப்போயிருக்குமோ. போனை எடுத்துக்கொண்டு கமலக்கண்ணனின் செல்போன் கடைக்குப் போனார்.

"தம்பி, இது அடிக்கவே மாட்டேங்குது. ரிப்பேரா பாரு."

கமலக்கண்ணன் தன் போனிலிருந்து அடித்துப் பார்த்தான். தெருவுக்கே கேட்டது.

"போன் நல்லாத்தான் இருக்கு பெருசு. யாராச்சும் பண்ணா அடிக்கும்."

கலியமூர்த்தி போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அப்போதுதான் கடை மேசையில் அதைப் பார்த்தார். கழற்றிப் போட்ட பழைய செல்போன்களுக்கு நடுவே ஒரு மர விசிறி கிடந்தது. முனை ஒன்று உடைந்து ஒட்டிய தழும்பு. அது எந்த ஞாயிறு உடைந்தது, எந்தக் கல்லில் பட்டது என்பதுகூட அவருக்குத் தெரியும்.

"இது ஏது இங்க?"

"முசே விட்டுட்டுப் போனாரு. சின்ன மோட்டாருக்கு இவ்வளவு பெரிய விசிறி தாங்காது. ஒடைஞ்ச டிரோன்லேருந்து ஒண்ணு கழட்டிப் போட்டேன்."

"இன்னா மோட்டாரு?"

"ஏன், உங்களுக்குத் தெரியாதா? ரப்பரைத் தூக்கிக் கடாசிட்டு மோட்டார் வச்சுட்டாருல்ல? மூக்கை அறுத்து, மோட்டாரை உள்ள எறக்கி, இறக்கைக்கு அடியில பேட்டரி. ஒயரெல்லாம் நான்தான் பத்த வச்சேன். மொதல்ல மாத்திப் பத்த வச்சுட்டேன், விசிறி முன்னால காத்து தள்ளுது! அப்புறம் செவப்பு கறுப்பு மாத்திப் போட்டேன்." கமலக்கண்ணனுக்கு அதில் பெருமைதான். "இனிமே சுவிட்சைத் தட்டினா பறக்கும் பெருசு. இழுக்க வேணாம், சுத்த வேணாம், பிடிக்க வேணாம். ஒரு ஆளே போதும்."

கலியமூர்த்தி விசிறியை எடுத்து ஒட்டிய முனையைத் தடவினார்.

"அப்ப உங்களுக்கு ரிட்டயர்டு. பார்ட்டி எப்போ?"

"உன் கருமாதி அன்னிக்கு வச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தார்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினார். சாத்த வேண்டிய அவசியமே இல்லை, யாரும் வருவதில்லை. ஆனாலும் சாத்தினார். ஒரு ஆளே போதும். அவ்வளவுதான் விஷயம். அவருடைய கையின் வேலையை ஒரு கட்டைவிரல் அளவு மோட்டாரிடம் கொடுத்தாகிவிட்டது. சொல்லிவிட்டுக் கொடுத்திருந்தாலும் பரவாயில்லை. முட்டி வலியாம். வேலையை விட்டு நிறுத்துகிற முதலாளிகூட, நாளைலேருந்து வராதே என்று மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுவான்.

வேறே ஆள் கிடைத்திருப்பான் என்றும் தோன்றியது. அப்படி நினைத்தபோது கொஞ்சம் சமாதானமாகக்கூட இருந்தது. வேறே ஆளோடு போட்டி போடலாம். திட்டலாம். யாருமே வேண்டாம் என்றவனை என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் டவுன் பஸ்ஸில் ஏறினார். கூப்பிடாத இடத்துக்குப் போகிறோம் என்ற வெட்கம் அவருக்கு இல்லை. கையும் களவுமாகப் பிடித்து, நாலு வார்த்தை கேட்டுவிட்டு, திரும்பி வந்துவிட வேண்டும். அந்த நாலு வார்த்தையை பஸ்ஸிலேயே கோத்துவைத்துக்கொண்டார். "முட்டி தேவலையா முசே?" என்பது முதல் வார்த்தை.

தரிசின் ஓரத்தில் யாரோ வீடு கட்ட ஆரம்பித்துப் பாதியில் விட்ட சுவர் ஒன்று இருந்தது. அதன் பின்னால் நின்றார். சகாயநாதன் வந்திருந்தார். மொபெட் நின்றிருந்தது, பின் சீட்டில் அட்டைப்பெட்டி. வழக்கமாக அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கலியமூர்த்தி உட்கார்கிற இடம். இப்போது அதை சைக்கிள் டியூப் போட்டுக் கட்டியிருந்தது. வேறே ஆள் ஒருவரும் இல்லை.

மேலக்காற்று லேசாக, நிலத்திலிருந்து கடலைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தது. சகாயநாதன் சுவிட்சைத் தட்டினார். கொசு காதுக்குள் புகுந்தமாதிரி ஒரு சத்தம். விமானத்தைத் தலைக்கு மேலே தூக்கி விட்டார். அது ஒரு தென்னங்கீற்று உயரத்துக்குப் போய், மூக்கைக் கவிழ்த்து, நேராக மண்ணில் குத்தியது.

கலியமூர்த்திக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி. குத்தட்டும்.

சகாயநாதன் ஒரு கையைத் தொடையில் ஊன்றிக் குனிந்து எடுத்தார். துடைத்தார். மறுபடி விட்டார். மறுபடி குத்தியது. ரப்பர் என்றால் அதன் கனம் மூக்கிலிருந்து வால் வரைக்கும் பரவியிருக்கும். இப்போது மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்து எல்லாக் கனமும் முன்னாலே. வால் வெறும் கூடு. படிக்காத கலியமூர்த்திக்கும் தெரிந்தது. மூட்டை தூக்கியவனுக்குக் கனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். சகாயநாதனுக்கும் தெரிந்துதான் இருந்தது. வாலில் ஈரமண்ணை உருட்டி ஒட்டிப் பார்த்தார், பறக்கும்போதே உதிர்ந்தது. நடந்து போய்க் குனிந்து எடுத்து நடந்து வந்து, திரும்பவும் நடந்து போய். முட்டி வலி பொய்யில்லை என்று இங்கிருந்தே தெரிந்தது. காலை இழுத்துத்தான் வைத்தார். விழுந்த விமானத்தை ஓடிப்போய் எடுத்து வருவதும் இத்தனை வருஷம் கலியமூர்த்தியின் வேலைதான். அந்த மனுஷர் அவ்வளவு மெதுவாக நடப்பதை அவர் பார்த்ததே இல்லை.

பிறகு சகாயநாதன் பெட்டிக்குப் போய்த் துழாவி எதையோ எடுத்தார். சின்னதாக ஒன்று வெயிலில் மின்னியது. அதை வாலருகே செருகி, நூலால் சுற்றிக் கட்டினார். நின்று மூச்சு வாங்கினார். தூக்கி விட்டார்.

இந்தத் தடவை மூக்கு கவிழவில்லை. ஏறியது. ரப்பரில் ஏறுகிறபோது ஒரு வெறியோடு ஏறி, முறுக்கு தீரத் தீர அலுத்துப்போய் வட்டமடித்து இறங்கும். இது அப்படி இல்லை. ஒரே சீராக, எதற்கும் அவசரமில்லாமல் ஏறிக்கொண்டே போனது. காகிதம் கிழிந்த இடத்தில் கலியமூர்த்தி காத்தாடிக் காகிதம் வாங்கிவந்து கொடுத்து ஒட்டிய சிவப்புச் சதுரம் மேலே தெரிந்தது. காற்று வேறுபக்கம் திரும்பியதோ என்னவோ, வட்டமடித்து, மோட்டார் நின்று, மெல்ல இறங்கி, பாதிச் சுவரைத் தாண்டி வந்து கலியமூர்த்தியின் காலடியில் உட்கார்ந்தது. காட்டிக்கொடுக்க வந்த சாட்சி மாதிரி.

எடுத்துப் பார்த்தார். வாலில் இருந்த ஓட்டை அடைபடவில்லை. அதே அலுமினியக் குழாய். அதற்குள் அவருடைய போக்ஸ் கம்பி. இரண்டு முனையும் அவர் விரல் பட்டுப் பட்டு வழவழவென்று இருந்தன. மேலே வெள்ளை நூல்.

சகாயநாதன் சுவர் ஓரமாகத் திரும்பி வந்து நின்றார். பேய் பார்த்தவர்போல் நின்றார்.

கோத்துவைத்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. "திருட்டுப்பயலே" என்றார் கலியமூர்த்தி.

"எவ்வளவு நேரமா நிக்கிற?"

"நீ மூக்கால மண்ணு நோண்ட ஆரம்பிச்சதிலேருந்து."

"வந்து எடுத்துக் குடுத்திருக்கலாமில்ல? எனக்குக் காலு போவுது."

"எனக்குத்தான் ரிட்டயர்டு குடுத்துட்டியே. எதுக்குய்யா மறைச்ச? பிடிக்க வராதேடா கலியமூர்த்தின்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு இன்னா வந்துச்சு உனக்கு? நான் இன்னா உன் சொத்தையா கேட்டேன்?"

சகாயநாதன் சுவரில் சாய்ந்து மெதுவாக இறங்கி மண்ணில் உட்கார்ந்தார். மோவாயில் பழைய தழும்பைத் தேய்த்தார்.

"ரிச்சர்ட் கூப்பிடறான்" என்றார்.

ரிச்சர்ட் அவர் மகன். பிரான்சில் இருக்கிறான்.

"வருஷா வருஷம்தான் கூப்பிடறான்."

"இந்தத் தடவ டிக்கெட்டே போட்டுட்டான். பாத்ரூம்ல விழுந்தேன்ல, பூசைக்கு வர்றவங்க யாரோ அவன்கிட்ட சொல்லிட்டாங்க. தனியா இருக்கக் கூடாதுங்கறான். ஒரேயடியா வந்துடுங்கறான். புதன்கிழமை மெட்ராஸ்ல ஏறணும்."

கலியமூர்த்தி கையில் விமானத்தை வைத்துக்கொண்டு நின்றார். இது பொய்யாக இருக்கும் என்று தேடிப் பார்த்தார். எந்தப் பக்கம் தட்டினாலும் பொய்ச் சத்தம் கேட்கவில்லை.

"அதுக்கும் இந்த மோட்டாருக்கும் இன்னாய்யா?"

"அவன் வீடு மாடியில இருக்காம். கீழ ஒரு பெரிய புல்வெளியாம். அவனும் அவன் பொண்டாட்டியும் விடியறதுக்குள்ள வேலைக்குப் போயிடுவாங்க." சகாயநாதன் தரிசைப் பார்த்தபடி பேசினார். "அங்க பிடிக்க யாரு இருக்கா?"

கடல்பக்கம் ஒரு படகின் மோட்டார் கேட்டு அடங்கியது.

"சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நீ வழியனுப்பக்கூட வரமாட்ட. போறவன்கூட எதுக்குன்னு கதவைச் சாத்திக்குவ. உன்னைத் தெரியாதா எனக்கு? கடைசில சொல்லிக்கலாம்னு வச்சிருந்தேன்."

"சாத்தத்தான் சாத்தினேன்."

"அப்புறம் எதுக்கு வந்த?"

"உன்னைத் திட்ட."

"திட்டியாச்சா?"

"இன்னும் இருக்கு." கலியமூர்த்தி கம்பியை விரலால் தொட்டார். "இதை ஏன் உள்ள வச்ச?"

"அது இல்லாம ஏற மாட்டேங்குது. நீயே பாத்தல்ல. வாலுக்குக் கனம் வேணும். பெட்டியில வேற ஒண்ணும் இல்ல."

கனத்துக்காகத்தான் வைத்தாரா, இல்லை இப்படிச் சொல்வதற்காக அதைக் கனம் என்கிறாரா என்று கலியமூர்த்திக்கு விளங்கவில்லை. மற்ற யாராக இருந்தாலும் தோண்டிக் கேட்டிருப்பார். கேட்காமல் விட்டார். பெட்டியில் ஒரு ஆணிகூட இல்லாமலா போயிற்று என்று மட்டும் நினைத்துக்கொண்டார்.

"ரப்பரு?"

"வீட்டுல இருக்கு. நீ வேணா வச்சுக்க."

"எனக்கெதுக்கு? ஜட்டிக்குக் கோக்கவா?"

சகாயநாதன் சிரித்தார். சிரிப்பு நீண்டு இருமலாகி நின்றது. எழுந்திருக்கக் கையை நீட்டினார். கலியமூர்த்தி ஒரு கையால் தூக்கிவிட்டார். அந்த உடம்பில் கனமே இல்லை. எப்போதிலிருந்து இப்படி ஆனது என்று தெரியவில்லை.

"இன்னும் ஒரு தடவை விடலாம். சார்ஜ் கொஞ்சம் இருக்கு" என்றார் சகாயநாதன். "பிடிக்கிறியா?"

"பிடிக்க வேணாம்னுதானே மோட்டாரு?"

"சுவிட்சு சின்னது. ஒரு கையில பிடிச்சுக்கிட்டு ஒரு கையால தட்டினா நடுங்குது. பிடியேன்யா."

இரண்டு பேரும் தரிசின் நடுவுக்கு நடந்தார்கள். கலியமூர்த்தி பழைய இடத்தில் பழையபடி காலை அகட்டி நின்று, கம்பியின் இரண்டு முனையையும் பிடித்தார். சகாயநாதன் முன்னால் நின்றார். இழுத்துக்கொண்டு பின்னால் போக வேண்டிய வேலை இல்லை. அங்கேயே, கைக்கெட்டும் தூரத்தில் நின்றார். இவ்வளவு கிட்டத்தில் நிற்பது பேச்சு முடிகிற நேரத்தில்தான். அதனால் இருவருக்கும் பேச ஒன்றும் தோன்றவில்லை.

சகாயநாதன் சுவிட்சைத் தட்டினார். வாய்ப் பழக்கத்தில், "தியேம்போ" என்றார்.

கலியமூர்த்தி பிடித்தார். விரல் வெளுக்கப் பிடித்தார். பிடித்த பிறகுதான் தெரிந்தது, இழுக்க ஒன்றுமே இல்லை. ரப்பர் முறுக்கேறும்போது கம்பி கையைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும். தோள் வரைக்கும் வலிக்கும். எதிரே ஒரு ஆள் தன் முழுக் கனத்தோடு சாய்ந்து நிற்பது கையில் தெரியும். இந்த மோட்டார் சும்மா நடுங்கியது. உள்ளங்கையில் பிடித்த வண்டுபோல் நடுங்கியது, அவ்வளவுதான். எதிரே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது இப்படித்தான் நடுங்கும்.

"விடுய்யா" என்றார் சகாயநாதன்.

விடவில்லை.

"கலியமூர்த்தி. சார்ஜ் போவுது. விடு."

கம்பியிலிருந்து கையை எடுத்து, உடம்பைக் கீழிருந்து தாங்கி, தலைக்கு மேலே தூக்கி, விட்டார்.

ஏறியது. இரண்டு கிழவர்களும் கண்ணுக்குமேல் கையை வைத்துக்கொண்டு பார்த்தார்கள். சிவப்புச் சதுரம் சின்னதாகி, பொட்டாகி, பனைமரத்தின் உச்சியைத் தாண்டி, மேலக்காற்றில் கடல்பக்கமாக ஒதுங்கியது. சத்தம் நின்ற பிறகும் வெகுநேரம் இறங்காமல் இருந்தது. கடைசியில் தரிசின் அந்த ஓரத்தில், முள்ளுச்செடிகளுக்கு இந்தப் பக்கம் இறங்கியது. நல்ல தூரம்.

கலியமூர்த்தியின் கால் தானாக ஓரடி வைத்துவிட்டது. அதை நிறுத்தினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அங்கேயே மண்ணில் உட்கார்ந்தார்.

"போய் எடுத்துட்டு வா" என்றார்.

"நானா?"

"பின்ன யாரு? அங்க எவன் உனக்கு ஓடுவான்? உன் மருமவளா மாடியிலேருந்து எறங்கி வருவா? நீதான் எடுக்கணும். பழகிக்க."

"மனசே இல்லையாய்யா உனக்கு? முட்டி."

"நிதானமா போ. நான் இங்கதான் இருக்கேன்."

சகாயநாதன் முட்டியை ஒருமுறை தேய்த்துக்கொண்டார். பிறகு நடந்தார். ஒரு காலை வைத்து, மறுகாலை இழுத்து. சட்டை காற்றில் உப்பிக்கொண்டது. கலியமூர்த்தி கையை முகர்ந்து பார்த்தார். விளக்கெண்ணெய் வாசம் இல்லை. மண் வாசம் மட்டும்தான். இந்த வாசம் நாளை வரைக்கும்கூட நிற்காது.

தூரம் போகப் போகச் சகாயநாதனும் சின்னதாகிக்கொண்டே போனார். பாதி வழியில் நின்றார். திரும்பிப் பார்த்தார். முகம் தெரியவில்லை. ஏதோ சொன்னமாதிரி கை அசைந்தது. காற்று அந்தப் பக்கம் போவதால் இங்கே ஒன்றும் வந்து சேரவில்லை. இவன் எழுந்து வருவான் என்று எதிர்பார்த்து நிற்கிறாரோ என்னவோ. கலியமூர்த்தி எழுந்துவிடாமல் இருக்க இரண்டு கையாலும் முழங்காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"போ!" என்று கத்தினார்.

மேலக்காற்று அங்கே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கும். எந்தப் போ என்று சேர்த்ததோ, தெரியாது. சகாயநாதன் இன்னும் கொஞ்சம் நின்றார். அப்புறம் திரும்பி, விமானம் கிடந்த பக்கம் நடந்தார்.